முழங்கால் முறிவில் தோலுக்கே முதலிடம்

இதைப் படிக்கத் தொடங்குமுன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக நின்று, தரையிலிருந்து உங்கள் முழங்கால் மூட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவராயின் பெரும்பாலும் 42 முதல் 50 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அடுத்து, தெருவில் நிற்கும் ஒரு காரின் முன்புறத்திலுள்ள பம்பரின் உயரத்தையும் அளவுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் காண்பீர்கள். சாலையைக் கடப்பவர் மீது கார் மோதினால் முதல் அடி எங்கே விழும் என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை. 1929ஆம் ஆண்டிலேயே காட்டன், பெர்க் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் இவ்வகை முறிவுக்கு, காரின் முன்பகுதியின் பெயரால், 'ஃபெண்டர் முறிவு' என்று பெயரிட்டு ஆய்வுக் கட்டுரை எழுதினர். மோட்டார் வாகனம் வந்த பிறகு பெயர் பெற்ற முறிவு இது.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் இதற்கு வாய்ப்புகள் ஏராளம். சேலத்திலிருந்து நாமக்கல் வழியே கரூர் செல்லும் நெடுஞ்சாலை ஒன்று. சங்ககிரி, பவானி வழியே கோவை செல்லும் நெடுஞ்சாலை மற்றொன்று. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிகளுக்குப் பெயர் பெற்றவை. திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு. இவற்றுக்கு நடுவேதான் சைக்கிளும் மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் ஓடுகின்றன. இரு சக்கர வண்டியில் அமர்ந்திருப்பவரைப் பக்கவாட்டில் பாருங்கள்: உடலில் முன்னே துருத்திக்கொண்டிருப்பது முழங்கால்தான். காவிரிக் கரையில் பரமத்தி வேலூர்ப் பக்கம் தென்னை ஏறுபவர்களும், கிணற்று வேலை செய்பவர்களும் தவறி விழுந்து காலூன்றும்போதும் இதே இடமே நொறுங்குகிறது.

இந்த முறிவைப் பற்றி எழுத ஓர் இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள். விசை, அழுத்தம், ஆற்றல், உராய்வு என்று வகுப்பில் நாம் படிப்பவை அத்தனையும் இந்த ஓர் இடத்தில் வந்து சேர்கின்றன. அதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. உடைந்த காலை உடனே இறுக்கிக் கட்டவேண்டும் என்னும் எண்ணம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது ஏன் ஆபத்து என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும்.

முதலில் மூட்டின் அமைப்பைப் பார்ப்போம். மேலேயுள்ள தொடை எலும்பு இரண்டு உருண்டைக் குமிழ்களாக முடிகிறது. கீழேயுள்ள டிபியா என்னும் கணைக்கால் எலும்பின் மேல்முனை ஒரு மேசைபோலப் பரந்து அக்குமிழ்களைத் தாங்குகிறது. இந்த மேசைக்கு உட்பக்கம், வெளிப்பக்கம் என இரு பகுதிகள். மேற்பரப்பில் வழவழப்பான குருத்தெலும்பு; அதன் அடியில் தேன்கூடு போன்ற பஞ்செலும்பு. நாம் சாதாரணமாக நடக்கும்போதே இந்த மேசைமீது உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை விழுகிறது. அவ்விசை பரப்பு முழுவதும் பரவும்வரை தொல்லையில்லை. மேசை உடைந்து ஒரு பகுதி சில மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டால், அதே விசை சிறிய பரப்பில் விழும், அழுத்தம் பெருகும், குருத்தெலும்பு விரைவில் தேயும். ஆகவே கை எலும்பின் நடுப்பகுதி சற்றுக் கோணலாகச் சேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். மூட்டுக்குள் அந்தச் சலுகை கிடையாது.

கனடா நாட்டின் ஷாட்ஸ்கர் என்னும் அறுவை மருத்துவர் 1979இல் இம்முறிவுகளை ஆறு வகையாகப் பிரித்தார். முதல் மூன்றும் வெளிப்பக்க மேசையைச் சேர்ந்தவை. நான்காவது உட்பக்கத்தது. ஐந்தாவதில் இருபக்கமும் உடையும். ஆறாவதில் மேசையே எலும்பின் தண்டிலிருந்து கழன்று நிற்கும். பொதுவாகச் சொன்னால், எண் ஏற ஏற மோதலின் கடுமையும் ஏறுகிறது.

ஆற்றல் எங்கே போயிற்று?

60 கிலோ எடையுள்ள ஒருவர் சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அவருடைய இயக்க ஆற்றல் கிடைக்கும்: சுமார் 520 ஜூல். அவரே மோட்டார் சைக்கிளில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால்? வேகம் நான்கு மடங்கு. ஆற்றலோ பதினாறு மடங்கு, சுமார் 8,300 ஜூல். பத்து மீட்டர் உயரத் தென்னையிலிருந்து அவர் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். ஆற்றல் சுமார் 5,900 ஜூல். மரத்திலிருந்து விழுவதும் மோட்டார் சைக்கிளில் மோதுவதும் எலும்புக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

வழுக்கி விழுந்து உடையும் எலும்பு பெரும்பாலும் இரண்டு துண்டாகும். அதிவேக மோதலில் அது பல துண்டுகளாகச் சிதறும். எலும்பு ஒரு விந்தையான பொருள். மெதுவாகப் பளு ஏற்றினால் குறைந்த ஆற்றலிலேயே முறிந்துவிடும். மிக விரைவாக ஏற்றினால் அது விறைத்துக்கொண்டு, அதிக ஆற்றலைத் தன்னுள் சேர்த்து, பிறகு ஒரே கணத்தில் வெடித்ததுபோல் விடுவிக்கும். விடுபட்ட ஆற்றல் சுற்றிலுமுள்ள தசை, நரம்பு, இரத்தக்குழாய், தோல் ஆகியவற்றுக்குள் பாய்கிறது. மருத்துவர்கள் இவை அனைத்தையும் சேர்த்து மென்திசுக்கள் என்பர்.

எக்ஸ்ரே படத்தில் எலும்பு பளிச்சென்று தெரியும். மென்திசுவுக்கு நேர்ந்த கேடு அதில் அநேகமாகத் தெரியாது. படத்தைப் பார்க்கும் உறவினர்கள் "எலும்பை எப்போது சேர்ப்பீர்கள்?" என்று கேட்கிறார்கள். அனுபவமுள்ள மருத்துவரின் கண்ணோ தோல்மீது இருக்கிறது. உங்கள் முழங்காலுக்குக் கீழே, முன்புறத்தில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். தோல், உடனே எலும்பு. நடுவில் தசை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. உடலிலுள்ள பெரிய எலும்பு ஒன்று இவ்வளவு மெல்லிய போர்வைக்கு அடியில் கிடப்பது இங்கேதான். அந்தப் போர்வை கிழிந்தாலோ அழுகினாலோ எலும்பு வெளிப்படும், கிருமிகள் நுழையும். மேலும், எலும்பின் வெளிப்பகுதிக்கு இரத்தம் சுற்றியுள்ள மென்திசுக்களிலிருந்தே வருகிறது. மண்ணிலிருந்து பிடுங்கிய செடியை எவ்வளவு நேராக நட்டுக் கட்டினாலும், வேரில் ஈரமில்லாவிட்டால் துளிர்க்காது அல்லவா? இரத்தம் இழந்த எலும்புத் துண்டும் அப்படியே.

கட்டுத்துணியின் கணக்கு

அடிபட்ட கால் வீங்குகிறது. அடிபட்ட இடத்தில் இரத்தமும் நீரும் கசிவதே வீக்கம். முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அறையையும் ஒரு கெட்டியான உறை சூழ்ந்திருக்கிறது. சைக்கிள் டயருக்குள் இருக்கும் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். டயர் விரியாது; உள்ளே காற்றடிக்க அடிக்க அழுத்தம்தான் ஏறும். தசை அறைக்குள் இயல்பான அழுத்தம் 8 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் போவதில்லை. தசைக்கு உயிர் கொடுக்கும் இரத்த நுண்குழாய்களில் அழுத்தம் சுமார் 20 முதல் 30 மில்லிமீட்டர். அறைக்குள் அழுத்தம் அதைத் தாண்டினால் நுண்குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்ளும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் தசையும் நரம்பும் மீளமுடியாதபடி கெட்டுவிடும்.

இப்போது வெளியிலிருந்து ஒரு துணிக்கட்டைப் போடுவோம். காலை ஓர் உருளையாகக் கொள்ளுங்கள். கட்டையும் காலையும் நீளவாக்கில் இரு பாதியாக வெட்டியதாகக் கற்பனை செய்யுங்கள். ஒரு பாதிக் கட்டின் இரு ஓரங்களிலும் துணியின் இழுவிசை செயல்படுகிறது. ஆகவே மொத்த விசை இழுவிசையைப்போல் இரு மடங்கு. அதைச் சமன் செய்வது, விட்டமும் துணியின் அகலமும் சேர்ந்த பரப்பின்மீது செயல்படும் அழுத்தம். சுருக்கினால் கிடைப்பது இது: இழுவிசையைத் துணியின் அகலத்தாலும் காலின் ஆரத்தாலும் வகுத்தால் அழுத்தம் வரும்.

எண்களைப் போடுவோம். துணியின் அகலம் 10 சென்டிமீட்டர். காலின் ஆரம் 5 சென்டிமீட்டர். ஒரு கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு, அதாவது 10 நியூட்டன் விசையால், துணியை இழுத்துச் சுற்றுகிறோம். 10ஐ 0.1ஆலும் 0.05ஆலும் வகுத்தால் 2,000 பாஸ்கல். பாதரசக் கணக்கில் 15 மில்லிமீட்டர். ஒரே ஒரு சுற்றுக்கு இவ்வளவு! இரண்டாம் சுற்று அதன்மேல் விழுந்தால் 30. நான்கு சுற்றுக்கு 60. ஒரு கிலோ இழுப்பு என்பது ஒரு சிறுவனின் இழுப்பு. "நன்றாக இறுக்கிக் கட்டு" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டுக் கட்டுபவர் அதைவிடப் பலமாகவே இழுப்பார். துணிக்குப் பதிலாக ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கயிறாக இருந்தால், அகலம் பத்தில் ஒன்றாகக் குறைவதால் அழுத்தம் பத்து மடங்காகும். கயிற்றின் அடியில் 150 மில்லிமீட்டர். ஓய்வில் இருப்பவரின் தமனியில் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தமே 120தான்.

இதோடு முடியவில்லை. பருத்தித் துணி நீளாது. காலையில் சரியாக இருந்த கட்டு, கால் வீங்க வீங்கத் தானே இறுகி, இரவில் கண்ணியாகிவிடும். யாரும் கை வைக்காமலே இழுவிசை ஏறிக்கொண்டிருக்கும். விளையாட்டாக விரலில் நூல் சுற்றி, அது நீலம் பாரித்ததைப் பார்த்திருப்பீர்கள். விரலில் சுற்றிய நூலை உடனே அவிழ்த்துவிட்டோம். காலில் போட்ட கட்டை எட்டு நாள் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்களே, அங்கேதான் தீங்கு நேர்கிறது.

நாட்டு வைத்தியக் கட்டை அறவே பழிப்பது என் நோக்கமன்று. முறிந்த எலும்பை அசையாமல் வைத்தால் அது தானே கூடும் என்பது சரியான கருத்து. அதனாலேயே எளிய முறிவுகள் பல அங்கும் குணமாகின்றன. முழங்காலருகே, அதிவேக மோதலில் உடைந்து, வீங்கி நிற்கும் கால் வேறு இனம்.

இங்கே ஏமாற்றும் செய்தி ஒன்றுண்டு. தசை அறையில் அழுத்தம் 40, 50 மில்லிமீட்டர் இருக்கும்போதுகூடப் பாதத்தில் நாடித் துடிப்பு இருக்கலாம். பெரிய தமனியில் அழுத்தம் 120 அல்லவா? அது மூடாது. மூடுவது நுண்குழாய்கள். "நாடி துடிக்கிறது, பயமில்லை" என்று எவரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். நேரம் ஆக ஆகப் பெருகும் வலி, கால்விரலைப் பிறர் மெல்ல நிமிர்த்தினாலே தாங்கமுடியாத வேதனை, மரக்கட்டைபோல் விறைத்த ஆடுசதை, விரலிடுக்கில் மதமதப்பு ஆகியவையே உண்மையான அறிகுறிகள். முதல் சிகிச்சை, எல்லாக் கட்டுகளையும் அவிழ்ப்பது. அழுத்தம் அப்போதும் குறையாவிட்டால் மருத்துவர் தசையுறையை நீளவாக்கில் கீறித் திறந்துவிடுவார். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். காலைக் காப்பது அந்தக் கீறல்தான்.

காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கலாமா? சாதாரண வீக்கத்துக்கு நல்லது. மேற்கண்ட அறிகுறிகள் இருந்தால் உயர்த்தக் கூடாது. இரத்தம் ஏறக்குறைய நீரின் அடர்த்தி உடையது. இதயத்தைவிட 13 சென்டிமீட்டர் உயர்த்தினால் காலுக்குச் செல்லும் இரத்தத்தின் அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசம் குறையும். 40 சென்டிமீட்டர் உயர்த்தினால் சுமார் 30 குறைந்துவிடும். ஏற்கெனவே திணறும் தசைக்கு அது பெரிய இழப்பு. ஆகவே இதய மட்டத்திலேயே வைப்பார்கள்.

சாலையோரத்தில் இப்படி ஒருவர் கிடக்கக் கண்டால் நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவே. 108ஐ அழையுங்கள். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள், துணியால் மூடுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். நீவிவிட வேண்டாம். கால் கிடக்கும் நிலையிலேயே இருபுறமும் மூங்கில் பத்தையோ கெட்டி அட்டையோ வைத்து, அகலத் துணியால், ஓர் விரல் உள்ளே நுழையுமளவு தளர்வாகக் கட்டுங்கள். பாதத்தின் விரல்கள் வெளியே தெரியட்டும். குடிக்க எதுவும் தரவேண்டாம். விரைவில் மயக்க மருந்து கொடுக்க நேரலாம். உதவியவரைச் சட்டச் சிக்கலிலிருந்து காக்கும் பிரிவு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. செலவையும் தொலைவையும் நினைத்துக் காலம் கடத்த வேண்டிய நிலை முன்புபோல் இல்லை.

முட்டுக் கொடுத்துக் காத்திருத்தல்

இனி அறுவை அறைக்குள் செல்வோம். முன்னாளில் முழங்கால் மேசை நொறுங்கினால் உடனே நீண்ட கீறலிட்டு, எலும்பின் இருபுறமும் மென்திசுவை உரித்து, இரண்டு தகடுகளைத் திருகிவிடுவது வழக்கமாயிருந்தது. எக்ஸ்ரே படம் அழகாக அமையும். சில நாட்களில் வீங்கிய தோல் தையலில் பிளந்து, தகடு வெளியே தெரியும், சீழ் பிடிக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே இரத்தமின்றிக் கிடக்கும் எலும்பு செத்துப்போகும். இப்படிப் பட்டறிந்து வந்ததே இன்றைய இரண்டு கட்ட முறை.

முதல் கட்டத்தில் மூட்டைத் தொடுவதே இல்லை. காயம்பட்ட பகுதிக்கு அப்பால், மேலே தொடை எலும்பில் இரண்டு, கீழே நல்ல எலும்பில் இரண்டு என்று எஃகு ஊசித் திருகுகளைச் செலுத்தி, வெளியே நீண்ட கம்பிகளால் அவற்றை இணைக்கிறார்கள். சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல. கம்பியை நீட்டி இழுக்கும்போது மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் இறுகுகின்றன. அவற்றோடு ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டுகள் ஓரளவு தாமே தம் இடத்துக்கு வருகின்றன. கயிற்றுக் கட்டிலில் கால்மாட்டுக் கயிற்றை இழுத்து இறுக்கினால் தொய்ந்த பின்னலெல்லாம் நேராவதைப் பார்த்திருப்பீர்கள், அதே செயல்தான்.

இந்த ஊசிகளின் தடிமனில் ஒரு சுவையான கணக்கு உண்டு. ஓர் உருளைக் கம்பியின் வளையாத் தன்மை அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. 4 மில்லிமீட்டர் ஊசிக்குப் பதிலாக 5 மில்லிமீட்டர் ஊசி போட்டால், தடிமன் கால்பங்குதான் கூடுகிறது. உறுதியோ ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது.

பிறகு? காத்திருப்பதுதான். ஒரு வாரம், இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம்கூட. வீக்கம் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை அடையும். தோல் பளபளப்பாக, கொப்புளங்களோடு இருக்கும். வீக்கம் வடிந்ததும் தோலில் மீண்டும் சிறு சுருக்கங்கள் தோன்றும். மருத்துவர் எதிர்பார்த்திருக்கும் அடையாளம் இதுவே. ஆயிரக்கணக்கான ரூபாய்க் கருவிகள் இருந்தும், கத்தியை எடுக்கும் நாளை இன்னும் தோலின் சுருக்கம்தான் குறித்துத் தருகிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. படுக்கையருகில் இருக்கும் குடும்பத்தாருக்கோ இந்த நாட்கள் கடினமானவை. "இத்தனை நாள் சும்மா வைத்திருக்கிறார்களே" என்று வேறிடம் தூக்கிச் செல்ல நினைப்பவர்களும் உண்டு. சும்மா வைத்திருக்கவில்லை, தோல் தயாராகிறது.

இரண்டாம் கட்டத்தில் மூட்டின் மேற்பரப்பைச் சரிசெய்து, தாழ்ந்த பகுதியை உயர்த்தி, அடியில் உண்டாகும் வெற்றிடத்தை எலும்புத் துகளாலோ அதற்கீடான பொருளாலோ நிரப்பி, தகடு பொருத்துவார்கள். இத்தகடுகளிலும் உராய்வுப் பாடம் இருக்கிறது. பழைய தகடு எப்படிப் பிடித்து நின்றது? திருகு அதை எலும்போடு அழுத்தியது. அழுத்தத்தால் உராய்வு உண்டாயிற்று. அந்த அழுத்தமே எலும்பின் மேலுறையிலுள்ள நுண்குழாய்களையும் நசுக்கிற்று. புதிய வகைத் தகட்டில் திருகின் தலையிலும் மரை இருக்கிறது. தகட்டின் துளையிலும் மரை இருக்கிறது. இரண்டும் பூட்டிக்கொள்வதால் தகடு எலும்பை நசுக்க வேண்டியதில்லை. சிறு துளை வழியே தோலுக்கடியில் தகட்டை நழுவவிட்டுப் பொருத்தவும் முடிகிறது. எல்லாம் துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியம். உருக்காலை ஊரான சேலத்துப் பிள்ளைகளுக்கு அந்த எஃகை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உடலுக்குள் வைப்பது அதிலும் தனித் தரம்.

தோல் கிழிந்துவிட்டால்

1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் 11 வயதுச் சிறுவனின் காலில் வண்டிச் சக்கரம் ஏறிற்று. கணைக்கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்தது. அக்காலத்தில் இத்தகைய காலைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். இல்லையேல் சீழ் பிடித்து ஆளே இறப்பான். ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் காயத்தை மூடினார். ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று; கால் பிழைத்தது. கிருமி நீக்க அறுவையின் வரலாறு ஒரு சிறுவனின் முறிந்த காலிலிருந்து தொடங்குகிறது.

இன்று திறந்த முறிவுகளைத் தரம் பிரிக்கும் முறையை 1976இல் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்னும் இருவர், 1,025 முறிவுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். உலகெங்கும் பயனில் உள்ள முறை அது. ஆனால் மிகக் கடுமையான காயங்களில், காலைக் காப்பாற்ற முயல்வதா, நீக்குவதா என்ற கேள்விக்கு அது தெளிவான விடை தரவில்லை. இதற்கு ஒரு விடை நம் பக்கத்திலிருந்தே வந்தது. சேலத்திலிருந்து மேற்கே சுமார் 160 கிலோமீட்டரில் கோவையில் உள்ள கங்கா மருத்துவமனை 1978இல் தொடங்கப்பட்டது. அங்கே எலும்பு மருத்துவர் இராஜசேகரனும் ஒட்டறுவை மருத்துவர் இராஜசபாபதியும் சகோதரர்கள். எலும்பைப் பார்ப்பவரும் தோலைப் பார்ப்பவரும் முதல் நாளிலேயே ஒரே மேசையருகில் நின்று முடிவெடுக்க வேண்டும் என்பது அம்மருத்துவமனையின் வழி. 1994இல் அங்கு உருவான மதிப்பெண் முறை, 109 திறந்த கணைக்கால் முறிவுகளில் சோதிக்கப்பட்டு 2006இல் பிரிட்டிஷ் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது.

முறை எளிது. மூடும் திசுவான தோலுக்கு 1 முதல் 5 வரை. எலும்புக்கு 1 முதல் 5 வரை. தசை, தசைநார், நரம்புகளுக்கு 1 முதல் 5 வரை. இத்துடன் சிகிச்சைக்கு வரத் தாமதம், சாக்கடை அல்லது தொழுவத்து அழுக்கு, நீரிழிவு, தாழ்ந்த இரத்த அழுத்தம் போன்ற ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். தேர்வுக்கு நேர்மாறாக, இங்கே குறைந்த மதிப்பெண்ணே நல்லது. 14 வரையிலான கால்களைக் காப்பாற்ற முயலலாம். 17உம் அதற்கு மேலும் என்றால் நீக்குவதே நலம். 15, 16 இரண்டும் இடைநிலை. அங்கே அனுபவமுள்ளவர்கள் கூடிப் பேச வேண்டும். முக்கிய இரத்தக்குழாய் அறுந்து உயிரோட்டம் நின்ற கால்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. தோலுக்கும் எலும்புக்கும் சம மதிப்பெண் தரப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

கிழிந்து போன தோலுக்கு என்ன செய்வது? வெறும் எலும்பின்மீது தோலை மட்டும் ஒட்டினால் பிடிக்காது. அதற்கு அடியில் இரத்தமுள்ள திசு வேண்டும். முழங்கால் அருகில் இயற்கை ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. பின்புறமுள்ள ஆடுசதைத் தசை இரு பிரிவாக உள்ளது. ஒவ்வொரு பிரிவுக்கும் இரத்தம் கொண்டுவரும் தமனி, தசையின் மேல்முனையில், முழங்காலுக்குப் பின்னால் நுழைகிறது. ஆகவே கீழ்முனையை விடுவித்து, மேல்முனையைக் கீலாகக் கொண்டு, கதவைத் திருப்புவதுபோல் அத்தசையை முன்புறம் திருப்பிக் காயத்தை மூடலாம். இரத்த ஓட்டம் அறுபடாது. அதன்மேல் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலை ஒட்டுவார்கள். ஆடுசதையில் மீதிப் பிரிவும், அதனடியிலுள்ள தசையும் நடைக்குப் போதும்.

தோல் மிகவும் நைந்து, தகடு வைக்கவே இடமில்லாத கால்களுக்கு வேறு வழி இருக்கிறது. சைபீரியாவின் குர்கன் நகரில் 1950களில் இலிசாரோவ் என்ற மருத்துவர் உருவாக்கிய வளையக் கருவி அது. காலைச் சுற்றி உலோக வளையங்கள். எலும்பின் ஊடே 1.8 மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய கம்பிகள். அவற்றை நூறு கிலோ எடைக்கும் மேலான விசையால் இழுத்து முறுக்கி வளையத்தில் பூட்டுகிறார்கள். மெல்லிய கம்பி எப்படி எடையைத் தாங்கும்? உங்கள் சைக்கிள் சக்கரத்தைப் பாருங்கள். ஸ்போக்ஸ் கம்பியைக் கையால் வளைத்துவிடலாம். இழுத்து முறுக்கிய பின் அதே கம்பிகள் உங்களையும் பின்னால் அமர்ந்த நண்பரையும் தாங்குகின்றன. 2.28 மீட்டர் உயரம் தாண்டி உலகச் சாதனை படைத்த சோவியத் வீரர் வலேரி புருமெல், 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல அறுவைகளுக்குப் பின் 1968இல் இலிசாரோவிடம் சென்று இந்தக் கருவியால் குணமடைந்தார்.

எந்த வழியில் சரிசெய்தாலும், முழங்காலை நெடுநாள் மடக்காமல் வைத்தால் அது இறுகிவிடும். ஆகவே எலும்பு உறுதியாகப் பொருந்தியதும், தோல் அனுமதித்தவுடன், மடக்கி நீட்டும் பயிற்சி தொடங்கும். எடை ஊன்றுவது அவ்வளவு விரைவில் இல்லை. பலருக்குப் பத்து, பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவும் ஒரேயடியாக அன்று. "பத்து கிலோ மட்டும் ஊன்று" என்று மருத்துவர் சொன்னால் நோயாளிக்கு எப்படித் தெரியும்? தரையில் எடை பார்க்கும் கருவி ஒன்றை வைத்து, ஊன்றுகோல்களில் உடலைத் தாங்கி, அடிபட்ட காலை அதன்மேல் மெல்ல அழுத்தச் சொல்வார்கள். முள் பத்தில் நிற்கும் உணர்வைக் கால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை இருபது, பிறகு முப்பது.